நிரலை எங்கே வைப்பது?

ஆம்பூரில் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் பழைய மாணாக்கர் சிலர், தோல் பதனிடுவோர்க்குரிய சரக்குக் கணக்கு நிரல் ஒன்றைத் தமிழில் இயற்றியுள்ளனர். எவரும் அதை எடுத்தாளலாம், திருத்தலாம். ஆனால் அதை எங்கே வைப்பது? இந்த வழக்கு என்னிடம் வந்தது.

"எல்லோரும் கிட்ஹப்பில்தான் வைக்கிறார்கள், ஐயா" என்றான் ஒருவன். 2018ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிய பெரிய மண்டி அது. ஆட்கள் திரளும் மண்டியை இகழ்வது நம் ஊர் வழக்கமன்று. ஆயினும் கூகுள் கோடு என்ற மற்றொரு மண்டி 2016இல் கதவடைத்தது. 2014 டிசம்பரில் மத்திய அரசு தடுக்கச் சொன்ன 32 தளங்களுள் கிட்ஹப்பின் ஒரு பகுதியும் இருந்தது. தடை விரைவில் நீங்கிற்று என்பது வேறு.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் 'கிட்' கருவியைப் படைத்ததே, அதுவரை இலவசமாகக் கிடைத்த பிறர் கருவி கைவிட்டுப் போனதால்தான். 'கிட்'டில் ஒவ்வொருவர் படியிலும் நிரலின் முழு வரலாறும் அடங்கும்; ஆதலின் நிரல் எளிதில் அழியாது. பயனாளர் எழுதிய பிழை முறையீடுகளும் விவாதங்களுமோ மண்டிக்காரர் ஏட்டில் மட்டுமே கிடக்கும். மாணாக்கர் இதை எண்ணவேயில்லை.

பெர்லினில் கோட்பெர்க் என்றொரு சங்கம் நன்கொடையால் நடக்கிறது. மூலப்படியை அங்கே வைத்து, கிட்ஹப்பில் நகல் மட்டும் வையுங்கள் என்றேன். இடம் இலவசம், எனினும் நன்கொடை அனுப்பச் சொன்னேன். கணக்கெழுதும் பையன் சற்றே முனகினான். முறையீடுகளை மாதந்தோறும் படியெடுத்து ஆம்பூரிலேயே ஒரு வன்தட்டில் வைக்கும் பொறுப்பும் இப்போது அவனுடையதே.