பாசிக்கு ஒரு குளம்



துவைக்கிற கல்லில் பாசி படிந்தால் தேய்த்துக் கழுவுகிறோம். அந்தப் பாசி இனத்தில் சோறு போடுகிற ஒன்று உண்டு. அதன் பெயர் சுருள்பாசி.

ஆப்பிரிக்காவில் சாட் ஏரிக்கரைப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதை அள்ளி, மணலில் ஊற்றிக் காயவைத்து, குழம்பில் கரைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறார்கள். 'திஹே' என்பது அவர்கள் வைத்த பெயர். காய்ந்த சுருள்பாசியில் பாதிக்கு மேல் புரதம். நாம் நம்பியிருக்கும் பருப்பில் கால்பங்குதான்!

வளர்ப்பது எப்படி? ஆழமில்லாத தொட்டி, சமையல் சோடா கலந்த தண்ணீர், கொஞ்சம் உப்புகள், கையளவு விதைப்பாசி, நம் வெயில். தண்ணீரின் காரத்தன்மை மிகுந்திருப்பதால் வேறு உயிர்கள் அங்கே எளிதில் போட்டிக்கு வருவதில்லை. அடிக்கடி கலக்கிவிட வேண்டும். பச்சை அடர்ந்ததும் துணியில் வடிகட்டி, இடியாப்பம் போலப் பிழிந்து, காயவைக்கலாம். நஞ்சை நிலம் வேண்டாம். களர் நிலமே போதும். சென்னை முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தில் சி.வி.சேஷாத்ரி இதைக் கிராமத்து வீட்டு வாசலுக்கே கொண்டுபோக உழைத்தார். மண்பானையில்கூட வளர்த்துக் காட்டினார்கள். அந்தப் பாசி இன்று பெரும்பாலும் மருந்துக் கடையில் மாத்திரையாக, வசதி உள்ளவர்களுக்கு விற்கப்படுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

பாசியிலிருந்து பெட்ரோல் வரும் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். எண்ணெய் வரும், உண்மை. அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை அதற்காகவே ஒரு திட்டம் நடத்தியது. பெட்ரோலிய விலையோடு போட்டியிட முடியாமல் நிறுத்திவிட்டது. அந்தக் கனவின் பின்னால் நம் ஊர்ப் பணம் போகக் கூடாது என்பதே என் கருத்து.

நமக்கு உடனடி வேலை சாக்கடையில் இருக்கிறது. கழிவுநீரில் உள்ள தழைச்சத்தையும் மணிச்சத்தையும் நுண்பாசி உறிஞ்சிக்கொள்ளும். பகலில் உயிர்வளி தரும். அந்த உயிர்வளியால் பாக்டீரியா அழுக்கைச் சிதைக்கும். கலிபோர்னியாவில் வில்லியம் ஆஸ்வால்ட் என்ற பொறியாளர் இப்படிப்பட்ட குளங்களை வடிவமைத்து நிரூபித்தார். ஒரு கிலோ உலர்ந்த பாசி விளைய ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயு உள்ளே போகிறது. ஆனால் ஒன்று, தாய்மார்களே: சாக்கடையில் வளர்ந்த பாசியை யாரும் உண்ணக் கூடாது. அதைச் சாண எரிவாயுக் கலனில் போடலாம். உணவுப் பாசிக்குச் சுத்தமான தண்ணீர், தனித் தொட்டி, கை கழுவும் ஒழுங்கு மூன்றும் கட்டாயம்.

மகளிர் குழுத் தோழிகளே, ஒரு குழு ஒரு தொட்டி என்று தொடங்குங்கள். விளைந்ததில் முதல் பங்கை உங்கள் வீட்டுக்கு எடுத்துவையுங்கள். நகர்மன்ற உறுப்பினர்களே, நம் கழிவுநீர் ஏரியில் போய்க் கலக்கும் முன் அதை நிறுத்திவைக்க ஒரு பாசிக்குளம் வெட்ட வேண்டும். அடுத்த கூட்டத்திலேயே அதற்கான தீர்மானத்தைக் கொண்டுவாருங்கள்.