ஃபரத்: நமக்கு முன்னே நீர்த்துறைக்குச் சென்றவர்



சிறு பிள்ளையின் ஜனாஸாத் தொழுகையில், அப்பிள்ளையை அதன் பெற்றோருக்கு 'ஃபரத்' ஆக்கியருளுமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சுகின்றோம். இச்சொல்லுக்கு 'முன்னோடி' எனப் பொருள் கூறுவது பிழையன்று. எனினும் சொல்லின் உயிர் அதில் முழுமையாக வரவில்லை.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். பாலைவன அரபிகளின் நிலை வேறு. ஒட்டகங்களோடு பயணிக்கும் கூட்டம் நீர்த்துறையை நெருங்குமுன் தம்முள் ஒருவரை முன்னே அனுப்பும். அவர் விரைந்து சென்று கயிற்றையும் வாளியையும் சீர்செய்து, தொட்டியைத் துப்புரவாக்கி, நீரிறைத்து நிரப்பி வைப்பார். தாகத்தோடு பின்னால் வருவோர் வந்தவுடன் பருகலாம். அவரே ஃபரத். வருகையை அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கட்டியக்காரர் அல்லர், பின்வருவோருக்காக உழைப்பவர். அதே துஆவில் வரும் 'ஸலஃப்' என்பதும் முன்சென்றோரைக் குறிப்பதே. வணிகத்தில் முற்பணத்துக்கும் அச்சொல்லே வழங்கும்.

நபி (ஸல்) அவர்கள் தம்மையே ஃபரத் என்றார்கள். ஹவ்ழ் எனும் தடாகத்தருகே உங்களுக்கு முன்னரே நான் இருப்பேன் என்ற கருத்தில் அவர்கள் மொழிந்ததை இமாம்கள் புகாரீ, முஸ்லிம் இருவரும் பதிவுசெய்துள்ளார்கள். நம் பள்ளிவாசல் முற்றத்தில் வுழூச் செய்யும் 'ஹவுழ்' இருக்கின்றதே, அதே சொல்தான்.

இளைஞர்களே, இது உங்களையும் தொடும் செய்தி. ஒருமுறை மையவாடிக்குச் சென்ற நபியவர்கள், தம் சகோதரர்களைக் காண ஆவல் கொண்டார்கள். "நாங்கள் தங்கள் சகோதரர்கள் அல்லவா?" என ஸஹாபாக்கள் வினவ, நீங்கள் என் தோழர்கள், சகோதரர்களோ இனிமேல் வரவிருப்பவர்கள் என்றார்கள். காணாதவரை எவ்வாறு அறிந்துகொள்வீர்கள் என்று கேட்கப்பட்டது. கருங்குதிரைகளுக்கிடையே நெற்றியும் கால்களும் வெளுத்த குதிரையை உடையவன் அறிவதுபோல, வுழூவின் ஒளியால் அறிவேன் என விளக்கி, ஹவ்ழில் அவர்களுக்கு நான் ஃபரத் என்றார்கள். இது முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. சிலர் அத்தடாகத்திலிருந்து விரட்டப்படுவர் என்பதும் அந்த அறிவிப்பிலேயே உண்டு. கடமையை நழுவவிடுவதற்கு அரபியில் 'தஃப்ரீத்' என்பர். அதன் வேரும் இதுவேயாகும்.

பெற்றோர்களே! 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோள் கிண்ணியாவிலும் மூதூரிலும் பிள்ளைகளைக் கொண்டுசென்றது. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் மிதவைப் பாதை கவிழ்ந்தபோது பாடசாலைச் சிறார்கள் மாண்டனர். பிள்ளையை இழந்த வீட்டுக்குச் செல்லும் நாம் 'ஸப்ர் செய்யுங்கள்' என்று கூறித் திரும்பிவிடுகின்றோம். பிள்ளை முன்னே சென்று தமக்காக நீரருகே நிற்கவேண்டும் என்றே அந்த ஜனாஸாவில் கேட்கப்பட்டது என்பதை அப்பெற்றோர் அறியார். தகப்பனாவது தொழுகையில் நிற்கின்றார்.  நம் பகுதியில் தாய் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றாள். மையித்தை அடக்கிவிட்டு வருபவர், முதலில் அவளிடம் சென்று இச்சொல்லின் பொருளை எடுத்துச் சொல்லட்டும்.