தனிமையும் இடைகழியும்



அந்திப் பொழுதில் தாமல் ஏரிக்கரையில் ஒருவர் தனித்து நிற்கிறார் என்று கொள்க. பாட்டுக்குச் சொல் தேடி வந்தவராக அவர் இருக்கலாம். பேசுவதற்கு வீட்டில் ஒருவரும் இல்லாமையால் வந்தவராகவும் இருக்கலாம். தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வேறுபாடு தெரியாது. தனிமை பற்றிய குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

திருக்குறள் இக்குழப்பத்திற்கு இடந்தரவில்லை. 35-ஆம் அதிகாரமாகிய துறவு, பற்றுகளிலிருந்து விலகுவதை விடுதலையாகக் காட்டுகிறது. 120-ஆம் அதிகாரமாகிய தனிப்படர் மிகுதியோ, அன்பு ஒரு பக்கமாகவே நின்றுவிடும் துயரைப் பேசுகிறது. தானே விட்டு விலகுவது வேறு. பிறரால் விடப்படுவது வேறு.

விட்டு விலகிய தனிமைக்குத் திருவண்ணாமலை சான்று. 1896 செப்டம்பர் முதல் நாள், 16 வயது இளைஞராக அங்கு வந்து சேர்ந்தார் இரமணர். பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் அரித்ததும் அறியாது அமர்ந்திருந்த அவரைப் பிறர்தாம் தூக்கி வெளியே கொணர்ந்தனர். உணவையும் பிறரே ஊட்டினர். உலகை மறந்தவரை உலகம் மறக்கவில்லை. பின்னர் விரூபாட்ச குகையில் வாழ்ந்த காலத்தில் அவர் இயற்றிய அட்சரமணமாலை, அடியார்கள் பிச்சைக்குச் செல்லுங்கால் தெருவில் பாடுவதற்கென எழுந்தது. குகையில் விளைந்த பாட்டு வீதிக்கே வந்தது.

திணிக்கப்பட்ட தனிமைக்கு வ.உ. சிதம்பரனார் சான்று. 1908-இல் தண்டனை பெற்றுக் கோவைச் சிறையில் செக்கிழுத்தார்; பின்னர்க் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அச்சிறைவாசக் காலத்திலேயே ஜேம்ஸ் ஆலனின் நூலை ‘மனம் போல வாழ்வு’ எனத் தமிழாக்கினார், ‘மெய்யறம்’ இயற்றினார். சிறைச்சுவரால் அவரது சிந்தனையை அடைக்க இயலவில்லை. ஆனால் 1912 டிசம்பரில் விடுதலையாகி அவர் வெளியே வந்தபோது, முன்பு அவர் பேச்சுக்குத் திரண்ட பெருங்கூட்டம் வாசலில் இல்லை. மாற்றார் தந்த தனிமையை எழுத்தாக மாற்றிக்கொண்ட அப்பெருமகனுக்கு, தம்மவர் தந்த தனிமையன்றோ பெருஞ்சுமையாயிற்று! சிறையைக் காட்டிலும் மறதி கொடிது.

இம்மறதி இன்று உலக நோயாகிவிட்டது. இங்கிலாந்து அரசு 2018-இல் தனிமைக்கெனவே ஓர் அமைச்சர் பொறுப்பை ஏற்படுத்தியது. உலகில் ஆறில் ஒருவர் தனிமையுணர்வால் வருந்துவதாக உலக நலவாழ்வு அமைப்பு 2025-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. பிள்ளைகள் வெளியூர் சென்றபின் திண்ணையில் அமர்ந்து, வராத ஒருவரை எதிர்நோக்கும் முதியோர் இல்லாத தெரு தமிழ்நாட்டில் அரிது. அவர்களிடம் ஏகாந்தத்தின் பெருமையை எடுத்துரைப்பது பசித்தவனிடம் உண்ணாநோன்பின் சிறப்பைப் பேசுவது போலாகும்.

அவ்வாறாயின் நல்ல தனிமையை அறிவதெங்ஙனம்? காஞ்சித் திருவெஃகாவில் தோன்றிய பொய்கையாழ்வார் வரலாறு விடை தருகிறது. தனித்தனியே திரிந்த ஆழ்வார் மூவருள் பொய்கையார், திருக்கோவலூரில் ஒரு மழையிரவில் ஓர் இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்குமளவே அதன் இடம். பூதத்தார் வந்தார், படுத்திருந்தவர் எழுந்து அமர்ந்தார். பேயார் வந்தார், இருவரும் எழ, மூவராக நின்றனர். நான்காவதாக ஒருவர் நெருக்குவதை உணர்ந்தபோது, அவர் திருமாலே என்று கண்டு பாடினர் என்பது வைணவ மரபு. தலைக்கு நூறாக மூன்று திருவந்தாதிகள் பிறந்தன. முதலில் படுத்திருந்தவர் கதவைத் திறவாது இருந்திருப்பின் அவ்விரவு வெறும் மழையிரவாகவே கழிந்திருக்கும். பிறர் வந்தால் எழுந்து இடந்தரும் தனிமையே நல்ல தனிமை.

காஞ்சித் தறியும் இதனையே கற்பிக்கிறது. குழித்தறியில் அமர்ந்தவர் இழையில் கண்வைத்து உலகை மறக்கிறார். எனினும் கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒன்றும் கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவர் கை எல்லாவற்றிற்கும் எட்டாது. பக்கத்தில் துணையொருவர் அமர்ந்து ஒரு கரையின் நாடாவைச் செலுத்துகிறார். வெவ்வேறு வண்ணம் கொண்ட உடலும் கரையும் இழைக்கு இழை கோத்துக்கொள்வது அவ்விருவர் உழைப்பால்.

கவிஞரும் அத்தகையவரே. எழுதும் வேளையில் அவருக்குத் தனிமை வேண்டும். அதைக் குலைப்பது குற்றம். எழுதியபின் கேட்பதற்கு ஒரு செவி வேண்டும். அதை மறுப்பதும் குற்றமே. அச்செவியாக இருத்தலே இலக்கிய வட்டத்தின் கடமை.

பத்தாண்டு நிறைவு கொண்டாடும் இவ்வேளையில் வந்திருப்போரை எண்ணி மகிழ்தல் இயல்பு. வாராதோரையும் எண்ணுதல் வேண்டும். முதலாண்டில் கவிதை படித்து, பின் முதுமையாலோ வறுமையாலோ மனக்கசப்பாலோ வரவு நின்றுபோனோர் எந்த இலக்கிய வட்டத்திலும் உண்டு. அவர்கள் தனிமையை நாடிச் சென்றனரா, தனிமையில் விடப்பட்டனரா என்பதை அழைப்பிதழ் அனுப்பி அறிய இயலாது. இல்லந்தேடிச் சென்றே அறியலாம். அவர்தம் ஏட்டில் படிக்கப்படாத பாட்டு ஒன்றிருப்பின் அதைக் கேட்டு வருவதே பதினோராம் ஆண்டின் முதற்பணியாகுக.