புகைச் சோதனையில் வாய் திறவாத கார்

(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடை என்றால் குறளையும் கம்பனையும் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். அவற்றைப் பேசத் தகுந்த பெரியோர்கள் இம்மேடையிலேயே வீற்றிருக்கிறார்கள். நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் சிக்னல் தொலைத்தொடர்புப் பிரிவின் அலுவலகத்தில் எழுத்தராயிருப்பவர். பழுதான கருவிகளைப் பற்றி வரும் அறிக்கைகளைப் பதிவேட்டில் ஏற்றுவது நம் தொழில். ஆதலின் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளும் பழுதைப் பற்றியதே. பழைய கார் ஒன்று புகைச் சோதனைக்குச் செல்கிறது. அங்கே அதனுள்ளிருக்கும் கணிப்பொறி சோதனைக் கருவியோடு பேச மறுத்துவிடுகிறது. அப்போது செய்ய வேண்டுவது யாது?

இது பெரும்பாலும் அமெரிக்காவில் நேரும் சங்கடமாயிற்றே, இங்கே எதற்கு என்று கேட்பீர்கள். நம் காலனிப் பிள்ளைகள் சிலர் இன்று அங்கே படிக்கிறார்கள். முதல் ஆண்டில் அவர்கள் வாங்குவது பழைய காரைத்தான். கலிபோர்னியா மாநிலத்தில் பெரும்பாலான கார்களை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புகைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதில் தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்கமாட்டார்கள். பதிவில்லாத காரில் வேலைக்குப் போவது எப்படி? இரவு பதினொரு மணிக்கு இங்கே தொலைபேசி மணி அடிப்பது அதனால்தான்.

சோதனை ஏன் வந்தது என்பதை முதலில் சிறிது சொல்லிவிடுகிறோம். 1943-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரைக் கண்ணெரியும் மூடுபுகை ஒன்று சூழ்ந்தது. போர்க்காலமாதலின், பகைவர் நச்சுப்புகை வீசிவிட்டார்களோ என்று மக்கள் அஞ்சினார்கள். அது பகைவரின் வேலையன்று. கார்களிலிருந்தும் எண்ணெய் ஆலைகளிலிருந்தும் வெளிவரும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து அப்புகையாக மாறுகின்றன என்பதை, 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்ஸ்மித் என்ற வேதியியல் அறிஞர் எடுத்துக் காட்டினார். அவர் ஹாலந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பேராசிரியராயிருந்தவர். பின்னர் 1970-இல் தூய காற்றுச் சட்டம் விரிவாக்கப்பட்டது. 1975 மாடல் முதல் புகைக்குழாயில் வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்டது.

இந்த மாற்றி செவ்வனே வேலை செய்ய, பெட்ரோலும் காற்றும் மிக நுட்பமான அளவில் கலக்க வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு அந்த நுட்பம் கைவராது. புகைக்குழாயில் பிராணவாயுவை அளக்கும் உணர்கருவி ஒன்றை வைத்து, அது சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க ஒரு கணிப்பொறியை அமர்த்தினார்கள். கணிப்பொறி காருக்குள் குடியேறிய கதை இதுதான். எஞ்சினில் குறை கண்டால் தானே விளக்கேற்றி எச்சரிக்கும் ஏற்பாடு கலிபோர்னியாவில் 1988 மாடல்களில் தொடங்கிற்று. அதன் இரண்டாம் நிலை, அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் 1996 மாடலிலிருந்து கட்டாயமாயிற்று. ஸ்டியரிங் சக்கரத்துக்குக் கீழே பதினாறு துளைகள் கொண்ட ஓர் இணைப்பான் இருக்கும். சோதனைக்காரர் தம் கம்பியை அதில் செருகிக் கணிப்பொறியிடம் நேரே விசாரிப்பார். கலிபோர்னியாவில் 2000-ஆம் ஆண்டு மாடல் முதலான பெட்ரோல் கார்களுக்கு, 2015 மார்ச்சு முதல் இந்த விசாரணையே சோதனையின் உயிர்நாடி. புகைக்குழாயில் கருவியைச் செருகி அளப்பது அவற்றுக்கு இல்லை. ஆகவே கணிப்பொறி வாய் திறவாவிட்டால், புகை எவ்வளவு தூயதாயிருந்தாலும் கார் தேறாது.

விசாரணை நடக்கும் விதம் நம் இரயில்வேக்காரர்களுக்கு எளிதில் விளங்கும். ஒரு நிலைய அதிகாரி அடுத்த நிலையத்தாரிடம் 'லைன் கிளியர்' கேட்கிறார். பதில் வந்தால் வண்டி புறப்படும். வராவிட்டால் நிற்கும். பதில் வராமையால் பாதையில் வண்டி கவிழ்ந்து கிடக்கிறது என்று பொருளா? அன்று. பாதை துப்புரவாயிருக்கலாம்; கம்பியில் பழுதிருக்கலாம்; அங்கிருப்பவரின் பேட்டரி தீர்ந்திருக்கலாம். தொடர்பு முற்றும் அற்றுப்போனால், ஓர் எஞ்சினைத் தனியே மெல்ல அனுப்பிப் பேச்சை மீட்கும் முறையும் நம் விதிப்புத்தகத்தில் உண்டு. கவிழ்ந்த வண்டியைத் தூக்கும் கிரேனை அங்கே யாரும் முதலிலேயே அனுப்புவதில்லை. புகைச் சோதனை நிலையத்திலோ, 'தொடர்பு இல்லை' என்று திரையில் எழுதிய மறுகணமே கணிப்பொறியை மாற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

பழைய கார்கள் பேசிய மொழியும் ஒன்றன்று. ஃபோர்டு ஒரு மொழி. ஜெனரல் மோட்டார்ஸ் வேறொரு மொழி. ஜப்பானிய, ஐரோப்பியக் கார்கள் மற்றொன்று. நம் காலனித் தண்ணீர்க் குழாயடிபோல! 2008 மாடல் முதல்தான் எல்லாம் ஒரே மொழிக்கு வந்தன. அதற்கு முந்திய ஜப்பானிய, ஐரோப்பியக் கார்கள் பலவற்றில், சோதனைக் கருவி முதலில் விநாடிக்கு ஐந்து துடிப்பு என்ற ஆமை வேகத்தில் ஒரு விலாசத்தை அனுப்பும். அந்த ஒரு விலாசத்துக்கு மட்டும் இரண்டு விநாடி பிடிக்கும். கார் விழித்துப் பதில் சொன்ன பிறகே பேச்சு விநாடிக்குப் பத்தாயிரம் துடிப்புக்கு மேல் விரையும். இந்த மெல்லிய அழைப்பின்போது கம்பியில் சிறு இரைச்சலோ பேட்டரியில் தளர்ச்சியோ இருந்தால், இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாமலே விலகிவிடும்.

இனிப் பழுது இருக்கும் இடங்களைப் பார்ப்போம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எஞ்சின் ஓடுகிறதா? சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்கு ஒரு முறை ஏறி, எஞ்சின் கிளம்பியதும் அணைகிறதா? ஆம் எனின் கணிப்பொறி உயிரோடிருக்கிறது என்று கொள்ளலாம். பெட்ரோலையும் தீப்பொறியையும் ஆள்வது அதுவே. அது செத்திருந்தால் கார் சோதனை நிலையம் வரை வந்திராது. ஆகவே பழுதைப் பேசும் வழியில்தான் தேட வேண்டும். விளக்கும் ஏறாமல் எஞ்சினும் ஓடாமல் இருந்தால் அது வேறு நோய். கணிப்பொறிக்கு மின்சாரம் போகிறதா என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இணைப்பானின் பதினாறாம் துளையில் பேட்டரியின் மின்சாரம் எப்போதும் இருக்க வேண்டும். நான்காவதும் ஐந்தாவதும் எர்த். பல கார்களில், பதினாறாம் துளைக்குப் போகும் மின்சாரம் சிகரெட் பற்றவைக்கும் துளைக்குரிய ஃபியூஸ் வழியாகவே வருகிறது. இன்று அத்துளையில் சிகரெட் பற்றவைப்பார் அரியர். கைப்பேசிக்கு மின்னேற்றுவோரே மிகுதி. மலிவான சார்ஜர் ஒன்றைச் செருகி ஃபியூஸ் எரிந்தால், இணைப்பானும் உடன் செத்துப்போகும். கார் வழக்கம்போல் ஓடும். சோதனை நாள் வரை யாருக்கும் தெரியாது.

நம் நண்பர் ஒருவரின் மகனுக்கு நேர்ந்ததும் அதுவே. 2001 மாடல் ஜப்பானியக் கார். பதிவு முடிய எட்டு நாள் இருந்தது. 'கம்ப்யூட்டர் போய்விட்டது' என்று சோதனை நிலையத்தார் கையை விரித்துவிட்டார்கள். புதியது போட, பையனின் ஒரு மாத வாடகைக்கு மேல் ஆகுமாம். தந்தையார் வைப்பு நிதியைக் கலைத்து அனுப்பிவிடலாமா என்று யோசிக்கும் நிலைக்கு வந்துவிட்டார். நம் பதிவேட்டில் 'கருவி பழுது' என்று தொடங்கும் அறிக்கைகள் 'ஃபியூஸ் மாற்றப்பட்டது' என்று முடிவதை எத்தனையோ முறை எழுதிய கை இது. ஆதலின் தொலைபேசியில் இரண்டே கேள்வி கேட்டோம். "எஞ்சின் ஓடுகிறதா, தம்பி?" "நன்றாக ஓடுகிறது, மாமா." "சிகரெட் துளையில் சார்ஜர் வேலை செய்கிறதா?" சற்று நேரம் பேச்சில்லை. "ஒரு மாதமாக வேலை செய்யவில்லை, மாமா." மறுநாள் அவன் காரின் கையேட்டைப் பார்த்து அந்த ஃபியூஸைக் கண்டுபிடித்தான். எரிந்துதான் இருந்தது. எரிந்த காரணம் துளையின் அடியில் விழுந்து கிடந்த ஒரு நாணயம். அதை எடுத்துவிட்டுப் புதிய ஃபியூஸ் போட்டதும் கார் வாய் திறந்தது. எஞ்சின் கணிப்பொறிக்கு மின்சாரம் வேறொரு ஃபியூஸ் வழியாகப் போய்க்கொண்டிருந்தமையால் அதன் நினைவும் அழியவில்லை, அன்றே தேறிற்று.

எல்லாக் கார்களும் இவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. ஜெர்மானியக் கார்கள் சிலவற்றில், புதிதாகப் பொருத்திய ரேடியோவின் கம்பி பேச்சுக் கம்பியோடு சேர்ந்து அதை அடைத்துவிடுவதுண்டு. ரேடியோவைக் கழற்றினால் பேச்சு திரும்பும். வேறு சிலவற்றில் பல கணிப்பொறிகள் ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். ஒன்று கெட்டு ஓயாமல் கத்தினால் மற்றவை பேச முடியாது. நம் கண்ட்ரோல் டெலிபோனில் ஒரு நிலையத்துக் கருவி கெட்டுப் பகுதி முழுவதும் ஊமையாவதில்லையா, அதுபோல. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பதுதான் வழி. வளைந்த ஊசி, துருப்பிடித்த எர்த், இவையும் உண்டு. சோதனைக்காரரின் கம்பியே தேய்ந்திருப்பதும் உண்டு. வேறு காரில் அதே கம்பி பேசுகிறதா என்று கேட்க மாணவன் கூசக் கூடாது.

பழுதைத் தேடும்போது பேட்டரியைக் கழற்றி மாட்டினால் வேறொரு தொல்லை எழும். கணிப்பொறி தான் செய்து வைத்திருந்த சுய சோதனைகளையெல்லாம் மறந்துவிடும். பிறகு பேசினாலும் 'இன்னும் ஆயத்தமாகவில்லை' என்றுதான் சொல்லும். கலிபோர்னியாவில் 2000 முதலான பெட்ரோல் கார்களுக்குப் பெட்ரோல் ஆவி பற்றிய சோதனை ஒன்று மட்டும் முடியாமலிருக்கலாம். 1996 முதல் 1999 வரையிலான மாடல்களுக்கு ஏதேனும் ஒன்று. மற்றவை முடியச் சில நாள் நகரத்திலும் நெடுஞ்சாலையிலும் ஓட்ட வேண்டும். பதிவு முடியும் நாளுக்கு முதல் நாள் பேட்டரியில் கை வைப்பது ஆகாத காரியம்.

கணிப்பொறியின் வாய்ச்சொல்லை மட்டும் நம்புவது தகுமா என்ற ஐயம் நியாயமானதே. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகன் டீசல் கார்களின் கதை உலகறிய வெளிவந்தது. சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடக்கும்படி அவற்றின் கணிப்பொறிகள் பழக்கப்பட்டிருந்தன. பேசாத பழைய காரைத் தேறவில்லை என்கிறார்கள். பொய் பேசிய புதிய கார்களோ ஆண்டுக்கணக்கில் தேறிக்கொண்டிருந்தன. இதை நினைக்கும்போது ஏழை மாணவன் பக்கம் நம் மனம் சாய்கிறது.

நம் நாட்டில் புகைச் சான்றிதழுக்கு இன்றும் புகைக்குழாயில்தான் அளக்கிறார்கள். பாரத் நான்காம் நிலை முதலான வண்டிகளுக்கு ஓராண்டுக்கும், பழையவற்றுக்கு ஆறு மாதத்துக்கும் சான்றிதழ் செல்லும். 2010 ஏப்ரல் முதல் நம் புதிய கார்களிலும் தன்னைத் தானே சோதிக்கும் ஏற்பாடு படிப்படியாக வந்துவிட்டது. இருக்கையில் அமர்ந்து சற்றே குனிந்து பார்த்தால் அதே பதினாறு துளை நம் கார்களிலும் தெரியும்.

பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் குறித்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. கலிபோர்னியாவில் பழைய கார் கைமாறும்போது, செல்லுபடியாகும் புகைச் சான்றிதழைக் கொடுக்க வேண்டியவர் விற்பவரே. மிகப் புதிய கார்கள் முதலிய சிலவற்றுக்கே விலக்கு. 'இருக்கும் நிலையில் விற்கிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டாலும் அந்தக் கடமை நீங்காது. சான்றிதழைக் கண்ணால் கண்ட பிறகே பணம் கொடுக்கட்டும். மற்றொன்று, சோதனை நிலையத்தின் தீர்ப்பு ஐயத்துக்குரியதாயிருந்தால், மாநில அரசு ஏற்படுத்தியுள்ள 'ரெஃப்ரீ' என்னும் நடுவரிடம் முறையிடலாம். நேரம் குறித்துக்கொண்டுதான் போக வேண்டும். போகும் முன் அந்த ஃபியூஸை ஒரு முறை பார்த்துவிட்டுப் போகட்டும்.