ஒரு மின்சார என்ஜினீயரின் சரித்திரம்

(நாவலூரில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இந்த நாவலூரில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் ஓர் என்ஜினீயர் வந்து திறப்பார். அவருள் பாதிப்பேர் பெண்கள். ஆகவே இன்று என்ஜினீயர் ஒருவரின் சரித்திரத்தைக் கூறுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தபோது, கோயமுத்தூர் ஜி. டி. நாயுடு அவர்களையே எல்லோரும் எதிர்பார்த்திருப்பீர்கள். 1893-ல் கலங்கல் கிராமத்திற் பிறந்து, பள்ளிக்கூடத்தை வெறுத்து, பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, அதை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பூட்டிய அவர் கதை நம் பிள்ளைகளுக்கு மனப்பாடம். நான் சொல்லப் புகுவது வேறொருவர் கதை. அவருக்கு யந்திரங்களைக் கழற்றி விளையாடும் பருவத்திலேயே விவாகம் வந்துவிட்டது.

அய்யலசோமயாஜுல லலிதா அம்மையார் 1919-ம் வருஷம் ஆகஸ்டு 27-ந் தேதி சென்னையில், தெலுங்குக் குடும்பமொன்றில், ஏழு மக்களுள் ஐந்தாவதாகப் பிறந்தார். தகப்பனார் பப்பு சுப்பாராவ் கிண்டி என்ஜினீயரிங் கலாசாலையில் மின்சாரப் பேராசிரியர். சகோதரர்கள் என்ஜினீயர்களாயினர், பெண்களுக்கோ பள்ளிப் படிப்பு போதுமென்பது அக்கால வழக்கம். பதினைந்தாம் பிராயத்தில் லலிதாவுக்கு மணம் நிகழ்ந்தது. பதினெட்டாம் பிராயத்தில், கையில் நான்கு மாதப் பெண் குழந்தையுடன், கணவரை இழந்தார்.

பதினெட்டு வயதில் கைம்மையடைந்த பெண்ணுக்கு அக்காலத்து இல்லங்களில் எந்த இடம் வைத்திருந்தார்கள் என்பதை இங்குள்ள பாட்டிமார் அறிவார்கள். நான் விரிக்க வேண்டுவதில்லை. சுப்பாராவ் தம் மகளை அந்த இடத்தில் உட்கார வைக்கவில்லை. ராணி மேரி கலாசாலைக்கு அனுப்பினார். இண்டர்மீடியட் பரீட்சையில் அவர் முதல் வகுப்பில் தேறினார். வைத்தியம் படிக்கலாமே என்றனர் சிலர். நள்ளிரவில் நோயாளி அழைத்தால் குழந்தையை விட்டு ஓட வேண்டுமே என்று லலிதா மறுத்தார். பகலில் உத்தியோகம், மாலையில் மகள்: இதுவே அவர் கணக்கு. யந்திரத்தின்மேல் மோகம் என்பதினும் இந்தக் கணக்கே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி 1920-ல் கிண்டிக்கு வந்த அக்கலாசாலையில் அதுவரை பெண் வாசனையே கிடையாது. தகப்பனார் பிரின்சிபால் கே. சி. சாக்கோ அவர்களிடம் பேசினார். கல்வி இலாகாவின் சம்மதமும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான வாலிபர் நடுவே ஒரே பெண்! குழந்தை உறவினர் வீட்டில் வளர்ந்தது. தனிமை அவரை வாட்டவே, பெண்களும் சேரலாமென்று விளம்பரம் செய்தார்கள். லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் சிவில் பிரிவிற் சேர்ந்தனர். 1943-ல் லலிதா பட்டம் பெற்றார். அப்பத்திரத்தில் ஆண்பாலிலேயே அச்சிட்டிருந்த சொல்லைப் பேனாவால் அடித்துப் பெண்பாலாகத் திருத்திக் கொடுத்தார்கள்.

ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஒரு வருஷம் அப்பியாசம். பின்பு சிம்லாவில் உத்தியோகம். அதை விட்டுத் தகப்பனாரின் ஆராய்ச்சியில் சில மாதம் உதவினார். ஜெலக்ட்ரோமோனியம் என்னும் மின்சார வாத்தியமும், புகையில்லா அடுப்பும் அவ்வீட்டில் உருவானவை. ஆயினும் நிலையான சம்பளம் வேண்டியிருந்தது. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் அமர்ந்தார். அங்கே சகோதரர் குடும்பம் இருந்தபடியால் மகளுக்கும் ஆதரவாயிற்று.

அவர் வேலை மின்சாரத்தைத் தூரதேசங்களுக்குக் கொண்டுசெல்லும் கம்பித்தடங்களையும் உபநிலையங்களையும் வகுப்பது. ஒரே அளவு சக்தியை இருமடங்கு அழுத்தத்தில் அனுப்பினால் கம்பியில் ஓடும் மின்னோட்டம் பாதியாகும். உஷ்ணமாக வீணாவது நாலில் ஒன்றாகும். ஆதலால்தான் அணைக்கட்டில் பிறக்கும் மின்சாரம் அத்தனை உயர்ந்த அழுத்தத்தில் ஊர்தோறும் செல்கிறது. பக்ரா நங்கல் அணையின் மின்சார ஏற்பாடுகளில் அம்மையாரின் கையும் உண்டு.

1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் என்ஜினீயர்-விஞ்ஞானிகள் மகாநாட்டிற்குச் சென்றார். 1966-ல் லண்டன் மின்சார என்ஜினீயர் சங்கத்தின் முழு அங்கத்தினரானார். மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1977-ல் ஓய்வு பெற்று, 1979 அக்டோபர் 12-ல், அறுபதாம் வயதில் காலமானார். உடன் படித்த திரேசியா கேரள மராமத்து இலாகாவின் தலைமை என்ஜினீயராக உயர்ந்தார்.

ஒன்றை ஒப்புக்கொண்டு முடிக்கிறேன். என் மூத்த மகள் மெக்கானிகல் படிக்க ஆசைப்பட்டபோது, பட்டறையில் மசி பூசிக்கொண்டு நிற்பதா என்று தடுத்தவன் நானே. அவள் வேறு படித்து நல்ல உத்தியோகத்தில் இருக்கிறாள், குறையொன்றுமில்லை. ஆனால் வீட்டில் மிக்ஸி நின்றால் ஆளைக் கூப்பிட அவள் விடுவதில்லை; தானே திருப்புளியோடு உட்கார்ந்துவிடுகிறாள். பக்கத்தில் அவள் பெண்ணும் உட்கார்ந்து, கழற்றிய திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் எண்ணிப் போடுகிறது. இம்முறை நான் வாய் திறப்பதில்லை.