தில்லி எல்லைகள் தரும் படிப்பினை

(அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் சுருக்கம்)

தலைவரே மக்கள் என்பதுதான் எதேச்சதிகார ஜனரஞ்சக அரசியலின் அடிப்படைக் கூற்று. அதை ஏற்றுக்கொண்டால், தலைவரிடம் கேள்வி கேட்பவர் மக்களின் எதிரியாகிவிடுகிறார். இந்தக் கூற்றை நடைமுறையில் முறியடித்தவர்கள் இந்திய விவசாயிகள்.

2020 ஜூனில் அவசரச் சட்டங்களாக மூன்று வேளாண் சட்டங்கள் திணிக்கப்பட்டன. அவற்றுள் இரண்டு, செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில், எதிர்க்கட்சிகள் கோரிய வாக்குப்பதிவு மறுக்கப்பட்டு, குரல் வாக்கெடுப்பின் மூலம் நிறைவேற்றப்பட்டன. நவம்பர் 26 பொது வேலைநிறுத்த நாளில் விவசாயிகள் தில்லி நோக்கிப் புறப்பட்டனர். தண்ணீர்ப் பீரங்கிகளையும் கண்ணீர்ப்புகையையும் கடந்து சிங்கு, திக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் ஓராண்டுக்கும் மேலாக அமர்ந்தனர். அவர்களைக் காலிஸ்தானிகள் என்றனர். பிரதமரோ ‘அந்தோலன்ஜீவிகள்’, அதாவது போராட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவர்கள், என்று எள்ளினார்.

இவ்வளவையும் தாங்கும் வலிமை எங்கிருந்து வந்தது?

முதலாவது, அமைப்பு. தில்லிக்குப் புறப்படும் முன்பே பஞ்சாபின் சங்கங்கள் கிராமம் கிராமமாக மக்களைத் திரட்டியிருந்தன. சம்யுக்த கிசான் மோர்ச்சாவில் வெவ்வேறு கொடிகள் இருந்தன. முடிவுகள் கூட்டாக எடுக்கப்பட்டன.

இரண்டாவது, சொந்தக் குரல். பெரும் ஊடகங்கள் அவதூறு பரப்பியபோது, போராட்டக் களத்திலிருந்தே ‘டிராலி டைம்ஸ்’ என்ற இதழ் வெளிவந்தது.

மூன்றாவது, ஒற்றுமை. 2013இல் மதக்கலவரத்தால் பிளவுண்ட முசாபர்நகரில், 2021 செப்டம்பர் 5 அன்று இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே மகாபஞ்சாயத்தில் திரண்டனர். பிரித்தாளும் அரசியலுக்கு விழுந்த பலத்த அடி அது.

2021 நவம்பர் 19 அன்று சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். 29 அன்று நாடாளுமன்றம் அவற்றை ரத்து செய்தது. சங்கங்களின் கணக்குப்படி 700க்கும் மேற்பட்ட உயிர்கள் இதற்கு விலையாயின.

எனினும் வெற்றி முழுமையடையவில்லை. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் சட்ட உத்தரவாதம் கிடைக்கவில்லை. 2022 மார்ச்சில் உத்தரப்பிரதேசத்தில் பாஜகவே மீண்டும் ஆட்சிக்கு வந்தது. களத்தில் உருவாகும் ஒற்றுமை தானாகவே அரசியல் உணர்வாக மாறிவிடுவதில்லை என்பதை இது உணர்த்துகிறது. அந்த மாற்றத்தை நிகழ்த்துவதே கட்சிக் கிளைகளின் கடமை.

தேர்தல் காலத்தில் மட்டும் மக்களைச் சந்திக்கும் கிளையால் இக்கடமையை நிறைவேற்ற இயலாது. ரேஷன் கடைப் பிரச்சனையில் உடன் நிற்பவரின் சொல்லுக்கே, வெறுப்புப் பிரச்சாரம் பரவும் நாளில் மதிப்பிருக்கும். அந்த நம்பிக்கையை ஒவ்வொரு தெருவிலும் ஒவ்வொரு பணியிடத்திலும் இன்றே ஈட்டத் தொடங்க வேண்டும், தோழர்களே!