குளிரும் வித்தின் குணமும்
(மலைநாட்டுக் கமக்காரர் கூட்டமொன்றில் விவசாயப் போதனாசிரியர் ஆற்றிய உரை)



செழித்து வளர்ந்த வயலில் கதிர்கள் தலைசாயாது நிமிர்ந்து நிற்பதைச் சிலவேளை கண்டிருப்பீர்கள். கையிலெடுத்துப் பிசைந்தால் யாவும் சப்பி. பூச்சியில்லை, நோயில்லை, பசளையும் குறைவின்றி இட்டாயிற்று. அவ்வாறு நேர்வதற்குரிய காரணங்களுள் ஒன்று குளிராகும்.

நெற்பயிர் குளிருக்கு மிக அஞ்சுவது குடலைப் பருவத்திலேயே. கதிர் வெளிவருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாட்களுக்கு முன், தண்டினுள் மறைந்துள்ள இளங்கதிரிலே மகரந்தம் உருவாகின்றது. அந்நாட்களில் சராசரி வெப்பநிலை 17 பாகை செல்சியசுக்குக் கீழிறங்கிச் சில நாட்கள் நீடிப்பின் மகரந்தம் பழுதடையும். மகரந்தம் இன்றேல் மணியில்லை. பயிர் பசுமையாகவே நிற்பதால் இழப்பு உடனே புலப்படுவதுமில்லை.

1993 ஆம் ஆண்டு யப்பானில் கோடைகாலம் குளிராகவே கழிந்தது. நெல் விளைவு வழமையானதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்காகக் குறைய, பிறநாட்டு அரிசியைப் பெருமளவில் இறக்குமதி செய்ய நேர்ந்தது. வடகிழக்கிலுள்ள மியாகி மாகாணத்தில் 1963 இல் தோன்றிய ‘சசானிசிக்கி’ என்னும் சுவைமிக்க இனம் பெருஞ்சேதமுற்றது. அங்கேயே 1991 இல் வெளியான ‘ஹிற்றோமெபோரே’ இனமோ அதனினும் நன்றாகக் குளிரைத் தாங்கியது. வானமும் ஒன்று, குளிரும் ஒன்று, வேறுபட்டது வித்தே. அதன்பின் கமக்காரர் பலர் புதிய இனத்துக்கு மாறினர்.

இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது? பெற்றோரின் சாயலைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லும் பரம்பரை அலகுகள் பயிருக்கும் உண்டு. 2015 இல் சீன விஞ்ஞானிகள் நெல்லில் ‘கோல்ட்-1’ என்னும் அலகின் வேலையை விளக்கினர். குளிர் தாக்கியதும் கலங்களுக்குள் கல்சியம் புகுவதற்கு அது உதவுகின்றது. அதுவே பயிருக்குக் கிடைக்கும் எச்சரிக்கை. உடனே பயிர் தற்காப்பு வேலைகளைத் தொடங்குகின்றது. குளிர்நாட்டு நெல்லினங்களில் இவ்வலகிலுள்ள மிகச்சிறு மாற்றமொன்று நாற்றுக்குத் தாங்குந் திறனைக் கூட்டுகின்றது. குடலைப் பருவத்துக்கு உதவுவன வேறு அலகுகள். ஆகவே, நாற்றுப் பருவத்தில் குளிரைத் தாங்கிய இனம் குடலையிலும் தாங்குமென்று நம்பிவிடலாகாது.

உருளைக்கிழங்கின் நிலையும் இதுவே. தென் அமெரிக்கக் காட்டினங்கள் சில, குளிர் படிப்படியாகக் கூடும்போது அதற்குப் பழகிக்கொள்ளும். நாம் பயிரிடும் கிழங்குக்கு அத்திறன் இல்லை. நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழும்போது இலைகள் கருகுவது இதனாலேயே.

ஆதலால் நாம் செய்யவேண்டியவை எவை?

முதலாவதாக, இனத்தின் வயதைக் கணக்கிட்டு, குடலைப் பருவம் கடுங்குளிர் நாட்களில் விழாதவாறு விதையுங்கள்.

இரண்டாவதாக, குடலைப் பருவத்தில் குளிர் வருமாயின் வயலில் நீரை 15 முதல் 20 சதமமீற்றர் வரை உயர்த்துங்கள். இளங்கதிர் அப்போது தண்டின் அடிப்பகுதியில் இருப்பதால் நீரே அதற்குப் போர்வையாகும். குளிர்ந்த ஊற்றுநீரை நேரே பாய்ச்சாது, வாய்க்காலிற் சுற்றவிட்டு வெயிலில் சூடேறிய பின் பாய்ச்சுங்கள்.

மூன்றாவதாக, யூரியாவை அளவுக்கு மிஞ்சி இடாதீர்கள். நைதரசன் மிகுந்த பயிரில் குளிரினால் உண்டாகும் சப்பி அதிகம்.

நான்காவதாக, உறைபனி விழுந்த காலையில், சூரிய ஒளி படுமுன் கிழங்குப் பயிருக்கு நீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள்.

ஐந்தாவதாக, புதிய இனத்தை முதற்போகத்தில் ஒரு பாத்தியில் மட்டும் செய்து பாருங்கள்.

குளிரைத் தடுக்க நம்மால் இயலாது. ஆனால் வித்தின் குணமறிந்து விதைப்பவன் குளிர் வந்தபின் வருந்தவேண்டியதில்லை.